கருங்கல்லின் மாற்றங்களைப் படித்து, அணுக்கழிவுப் புதைப்புக்கு ஏற்ற பாறையா என்று கணிப்பது: முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் நிலவியல் எடுத்துவிட்டு, விடுமுறைக்கு மலேசியாவின் பீடோர், தாப்பா, சுங்காய் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதியது இது. அணுக்கழிவு ஆழ்புதைப்பு பற்றிய இடுபணி கிடைத்ததும் பலரும் சுவீடன், ஃபின்லாந்து அறிக்கைகளைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் வரிசை தெரியாமல் முதல் வேலையாகச் சுத்தியலை ஓங்குகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கழிவைப் புதைப்பதைப் பற்றிய பேச்சு அல்ல இது. மலேசியாவில் அணுமின் நிலையமே இல்லை. இது பயிற்சி: அங்கே கேட்கும் அதே கேள்விகளை இங்குள்ள பாறையிடம் கேட்டுப் பழகுவது.

1. கிளம்புவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

சுவீடன், ஃபின்லாந்து முறையில் பயன்படுத்திய எரிபொருளை 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் வைத்து, 400 முதல் 500 மீட்டர் ஆழத்துப் பாறையில் இறக்குவதுதான் ஏற்பாடு. கலத்துக்கும் களிமண்ணுக்கும் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வதும், அவை தோற்றால் கசிவதைத் தாமதப்படுத்துவதும் பாறையின் வேலை. ஆகவே கேட்க வேண்டியவை:

நீர் இதன் வழியாக எவ்வளவு வேகமாக ஓடும்? நீரில் கரைந்து வரும் தனிமங்களை இந்தப் பாறை பிடித்து வைக்குமா? ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நிலையைக் காக்குமா? வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குமா?

காலக்கணக்கையும் மனதில் வையுங்கள். புளூட்டோனியம்-239இன் அரைவாழ்வு 24,100 ஆண்டுகள், டெக்னீசியம்-99க்குச் சுமார் 2,11,000 ஆண்டுகள், அயோடின்-129க்குச் சுமார் 1.57 கோடி ஆண்டுகள். இதை எழுதி வைக்காதவர்கள் கல்லின் அழகைப் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். "வெண்மையான பெரிய படிகங்கள் உள்ளன" என்ற வரி நான்கு கேள்விகளில் எதற்கும் பதில் சொல்லாது.

2. கொண்டு போக வேண்டியவை

நிலவியல் சுத்தியல், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், திசைகாட்டி, 10 மீட்டர் அளவுநாடா, இரும்புக் கத்தி, தையல் ஊசி, பல்துலக்கும் பழைய பிரஷ், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு கண்ணாடிக் குவளை, அழியாத மை பேனா, சிறு பிளாஸ்டிக் பைகள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வினிகர் போதும், ஆனால் கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட வேண்டும். முழுக்கல்லில் வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

தண்ணீரையும் பிரஷ்ஷையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சேறும் பாசியும் படிந்த பாறை முகத்தில் ஒரு மில்லிமீட்டர் தாது நிரப்பைப் பார்க்க முடியாது. கழுவிய பிறகுதான் நிறமும் தெரியும்.

கைகர் கருவி வேண்டாம். நம் மலைத்தொடரின் கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் இயல்பாகவே சற்றுக் கூடுதல். கருவி டிக் டிக் என்றதும் புதிதாக வருபவர்கள் அதையே பெரிய கண்டுபிடிப்பாக எழுதிவிடுகிறார்கள். புதைப்புக்கு ஏற்றதா என்ற கேள்விக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

3. பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

சிறந்தது துளையிட்டு எடுத்த உருளைக் கல், அதாவது கோர். ஆனால் அது கைக்கு எட்டாது. அடுத்தது இயங்கும் குவாரி: புதிதாக உடைத்த முகம், ஆழமும் இருக்கும். எழுத்து மூலம் அனுமதி வாங்கி, வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். மூன்றாவது ஆற்றுப் படுகை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் நீர் கழுவிய பாறை கிடைக்கும். மேலே மலையில் மழை என்றால் படுகையில் இறங்காதீர்கள். கெப்பாலா ஆயர், அதாவது திடீர் மலைவெள்ளம், வந்தால் ஓடக்கூட நேரம் இருக்காது.

தோட்டத்துக்குள் உருண்டு கிடக்கும் பாறைகளை வைத்து விரிசல் அளக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதே இப்போது தெரியாது. கலவை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

4. மழைவெயில் சிதைவைத் தனியே பிரியுங்கள்

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாறை இரண்டு வழியில் மாறுகிறது. ஒன்று மேலிருந்து: மழை, காற்று, வேர், வெப்பம். இதைச் சிதைவு என்போம். மற்றது கீழிருந்து: பாறை குளிரும்போதும் பிறகும் விரிசல் வழியாக வந்த சூடான நீர் தாதுக்களை மாற்றுவது. இது நீர்வெப்ப மாற்றம். 450 மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதைப் பற்றிய செய்தி. கண்ணுக்கு முதலில் படுவதோ முதலாவது.

செம்பனைத் தோட்டத்துச் சாலை வெட்டு ஒன்றைப் பாருங்கள். மேலே கல்லின் அடையாளமே இல்லாத செம்மண், ஆறாம் தரம். அதற்குக் கீழே மண்ணாகத்தான் இருக்கும், ஆனால் படிகங்கள் இருந்த இடம் அப்படியே தெரியும், ஐந்தாம் தரம். இன்னும் கீழே மண்ணுக்குள் உருண்டைக் கற்கள். அடியில் சிதையாத கல், முதல் தரம். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும்.

தரம் பிரிக்கக் குவளைத் தண்ணீர் போதும். கையளவு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். கரைந்து குவியலானால் ஐந்து. கையால் உடைகிறது, ஆனால் தண்ணீரில் கரையவில்லை என்றால் நான்கு. நிறம் மாறியிருக்கிறது, கையால் உடைக்க முடியவில்லை என்றால் மூன்று. விரிசல் ஓரத்தில் மட்டும் லேசான கறை என்றால் இரண்டு. மூன்று முதல் ஆறு வரை உள்ளவற்றைப் படம் பிடித்துவிட்டு ஒதுக்குங்கள். உங்கள் கணிப்பு ஒன்றிலும் இரண்டிலும் மட்டும்தான்.

சரி, வெள்ளைக் களிமண் வந்தால்? தாப்பா, பீடோர் வட்டாரத்தில் காவோலின் தோண்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெல்ட்ஸ்பார் என்ற தாது கரைந்து மிஞ்சுவது அது. சிதைவாலும் வரும், சூடான நீராலும் வரும். பிரிப்பதற்கு வடிவத்தைப் பாருங்கள். போர்வை போல மேலே பரந்து, கீழே போகப் போகக் குறைந்தால் சிதைவு. செங்குத்துப் பட்டையாக இறங்கி, இரு பக்கமும் நல்ல கல் நிற்க, நடுவில் குவார்ட்ஸ் நரம்போ கருப்பு டூர்மலினோ இருந்தால் சூடான நீரின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஆழத்திலும் தொடரலாம். அதனால் இரண்டாவது வகையைத்தான் அக்கறையோடு குறிக்க வேண்டும்.

5. விரிசலில் தொடங்கி உள்ளே போங்கள்

கருங்கல்லில் நீர் கல்லின் உடல் வழியாக ஓடுவது மிகக் குறைவு. விரிசல் வழியாகத்தான் ஓடும், அதுவும் எல்லா விரிசலிலும் இல்லை. சில விரிசல்களே பெரும்பகுதி நீரைச் சுமக்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் விரிசல், பிறகு அதன் ஓரப்பட்டை, கடைசியில் உடல். சுத்தியல் கடைசிக்கு. முதலிலேயே உடைத்தால் இயற்கை விரிசல் எது, நீங்கள் உண்டாக்கியது எது என்று பிறகு உங்களாலேயே சொல்ல முடியாது.

அளவுநாடாவைப் பாறை முகத்தில் கிடையாகப் பிடித்து, அதை வெட்டும் ஒவ்வொரு விரிசலையும் பதியுங்கள்: எத்தனையாவது மீட்டர், சாய்வு, திசை, திறப்பு, நிரப்பியிருக்கும் தாது, இரு பக்கமும் நிறம் மாறிய பட்டையின் அகலம். அப்புறம் நாடாவைச் செங்குத்தாகப் பிடித்து மறுபடி செய்யுங்கள். கிடை நாடா கிடை விரிசல்களைத் தொடாது. இதை விட்டவர்களின் அறிக்கையில் கிடை விரிசலே இல்லாத அதிசயப் பாறை வருகிறது.

மலைச்சரிவுக்கு இணையாக வெங்காயத் தோல் போல உரியும் விரிசல்களைத் தனிக் கணக்கில் வையுங்கள். மேலே இருந்த சுமை அரித்துப் போனதால் விடுபட்டு உண்டானவை அவை. ஆழத்தில் இப்படி இருக்காது. இவற்றையும் சேர்த்து எண்ணினால் பாறைக்கு அநியாயம் செய்கிறீர்கள்.

மழை பெய்த மறுநாள் ஒருமுறை வாருங்கள். முகம் காய்ந்த பிறகும் கசியும் விரிசல்கள் எவை என்று பாருங்கள். ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் கலம் இறக்கும் குழிக்குள் நிமிடத்துக்கு 0.1 லிட்டருக்கு மேல் நீர் வந்தால் அந்தக் குழியைப் பயன்படுத்துவதில்லை. சுரங்கத்தின் சுற்றளவை முழுதாக வெட்டிப் போகும் பெரிய விரிசலிலிருந்தும் விலகுகிறார்கள். வெட்டுமுகத்தில் அப்படி அளக்க முடியாது. ஆனால் எந்த விரிசல் கூட்டம், அதாவது ஒரே திசையில் போகும் விரிசல்கள், நனைந்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது என்பதே பாதி விடை.

6. விரிசல் நிரப்பை அடுக்கு வரிசையில் எழுதுங்கள்

"எபிடோட், குளோரைட், கால்சைட், களிமண் உள்ளன." இப்படிப் பட்டியல் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லாத பட்டியலால் பயனில்லை. பொதுவாகச் சுவரை ஒட்டியது பழையது, நடுவில் இருப்பது புதியது. ஒன்றை மற்றொன்று வெட்டினால் வெட்டுவது இளையது. பெரும்பாலும் அதிக வெப்பத்தில் உண்டானவை முதலில், குறைந்த வெப்பத்தில் உண்டானவை பிறகு. கடைசி அடுக்குதான் இப்போதைய நீரோடு நெருங்கிய உறவுள்ளது, உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இனி ஒவ்வொன்றாக. ஊசி முனையால் கருப்பு மைக்காவின் ஒரு தகட்டைத் தூக்குங்கள். வளைத்துவிட்டால் துள்ளித் திரும்புகிறதா? அது மாறாத பயோட்டைட். பச்சை நிறமாகி, வளைத்தபடியே நிற்கிறதா? குளோரைட் ஆகிவிட்டது. பொன்னிறமாக உப்பியிருந்தால் மேற்பரப்புச் சிதைவு, கணக்கில் சேராது. குளோரைட் ஆவது கெட்ட செய்தி என்று நினைக்க வேண்டாம். அதற்குள் ஆக்சிஜனை உண்ணும் இரும்பு இன்னும் இருக்கிறது, பயோட்டைட்டை விட வெப்பத்தை நன்றாகவும் கடத்தும். ஆனால் விரிசல் முகத்தில் அதே குளோரைட் வழுவழுவென்று கோடு கோடாகப் பூசியிருந்தால் நிலைமை வேறு. அந்தக் கோடுகள் பாறை நழுவிய தடம். விரலால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் லேசாகத் தடுக்கும். ஒருமுறை நழுவிய இடம் மீண்டும் நழுவ எளிது. நழுவினால் கலம் வெட்டுப்படும்.

பெல்ட்ஸ்பாரைக் கத்தியால் கீறுங்கள். நல்ல பெல்ட்ஸ்பார் கண்ணாடித் துண்டு போல மின்னும், கத்தி கீறாது. மங்கி, மெழுகுப் பச்சையாகி, கத்தி பள்ளம் போட்டால் உள்ளே மெல்லிய வெண்மைக்காவாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தில் நுண்துளைகள் கூடலாம். சீசியம் போன்றவற்றை மைக்காவும் களிமண்ணும் பிடித்து வைக்கும். நீர் மெதுவாக ஓடும் இடத்தில் இது பாறைக்குச் சாதகம்: விரிசலில் வரும் தனிமம் பக்கவாட்டில் நுண்துளைகளுக்குள் நுழைந்து தங்கிவிடும். வலுவைப் பொறுத்தவரை பாதகம். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மறைக்க வேண்டாம்.

"அண்ணே, கல் சிவந்திருக்கு, துரு பிடிச்சிடுச்சு." இந்த வரி தவறாமல் வரும். ஈரவிரலால் தேயுங்கள். பழுப்பு மஞ்சளாகக் கையில் ஒட்டினால் துரு, மேற்பரப்புச் சிதைவு. செங்கல் நிறம் பெல்ட்ஸ்பாருக்கு உள்ளேயே இருந்து, ஒட்டாமல், விரிசலை ஒட்டிய பட்டையாக இருந்தால் அது பழைய சூடான நீர் உண்டாக்கிய நுண்ணிய ஹேமடைட் என்ற இரும்புத் தாது. சுவீடனில் இத்தகைய சிவப்புப் பட்டைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணுக்குப் பயங்கரமாகச் சிவந்திருந்தாலும், ஆக்சிஜனைத் தடுக்கும் இரும்பு அதில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. யுரேனியமும் டெக்னீசியமும் ஆக்சிஜன் இல்லாத நீரில் கரைவது அரிது என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. விரிசலில் பித்தளை நிறத்துப் பைரைட் மின்னினால் இன்னும் நல்லது. ஆக்சிஜனுள்ள நீர் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை என்று பொருள்.

அமிலம் விட்டால் நுரைப்பது கால்சைட். நம் மழையில் மேற்பரப்புக்குப் பக்கத்திலுள்ள கால்சைட் கரைந்து போவது சாதாரணம். வெட்டுமுகத்தில் இல்லை என்பதால் ஆழத்திலும் இல்லை என்று எழுதாதீர்கள்.

குவார்ட்ஸ் காணாமல் போய், அது இருந்த இடத்தில் குழிகள் மட்டும் நின்றால் அந்த இடத்தைச் சிவப்பு மையில் குறியுங்கள். சுவீடன் புதைப்புக்குத் தேர்ந்தெடுத்த ஃபோர்ஸ்மார்க்கில் இப்படிக் குவார்ட்ஸ் கரைந்த பகுதிகள் உண்டு. துளைகள் பெருகும், வெப்பத்தை நன்றாகக் கடத்தும் தாதுவும் போய்விடும். பெண்டோனைட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாறை வெப்பத்தைக் கடத்தாவிட்டால் கலங்களை இன்னும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், அதற்கு இடமும் கூடுதலாக வேண்டும்.

7. நுண்துளை அளப்பது வீட்டிலேயே முடியும்

இப்போது உடைக்கலாம். விரிசல் ஓரத்திலிருந்து ஒன்று, ஒரு மீட்டர் தள்ளி நல்ல உடலிலிருந்து ஒன்று, ஏறத்தாழ 200 கிராம் துண்டுகளாக எடுங்கள். அடுப்பறைத் தராசு உதவாது. 200 கிராம் கருங்கல்லின் கொள்ளளவு சுமார் 75 கன சென்டிமீட்டர். அதில் அரை சதவீதம் துளை என்றால் அது பிடிக்கும் நீர் 0.4 கிராம்கூட இல்லை. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, ஆறவைத்து எடை போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, எடை ஏறுவது நிற்கும்வரை தினமும் போடுங்கள்; கருங்கல் மெதுவாகத்தான் குடிக்கும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து எடை போடுங்கள். உலர்ந்த துணி துளைக்குள் இருக்கும் நீரையும் இழுத்துவிடும். கடைசியாக நூலில் கட்டி, நீருக்குள் தொங்கவிட்டு எடை.

உதாரணத்துக்கு: உலர்ந்தது 198.40, ஊறியது 198.78, நீருக்குள் 123.30. நீரின் எடை 0.38, கொள்ளளவு 198.78இலிருந்து 123.30 கழித்தால் 75.48. வகுத்தால் 0.5 சதவீதம். மாறாத கருங்கல் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். ஓரத்துண்டு நாலைந்து சதவீதம் காட்டினால் மாற்றம் ஆழமாகப் போயிருக்கிறது. ஊறும்போதே உதிர்ந்தால் அளக்க வேண்டாம், உதிர்ந்தது என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

8. தலையைத் தூக்கி மலையைப் பாருங்கள்

கையில் உள்ள கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வட்டாரத்தைப் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது. சுங்காய் பக்கத்தில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று இருக்கிறது, முட்டை வேகவைக்கிறார்கள். அங்கே எரிமலை எதுவும் இல்லை. மலையில் பெய்த மழை பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. புதைப்புக் குழியின் ஆழத்திலிருந்து நீர் மேலே வர வழி உண்டா என்ற கேள்விக்கு இதைவிடக் கண்கூடான விடை வேண்டுமா?

அதற்காக மலைத்தொடர் முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட பிளவு வலயங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட, அதிகம் நொறுங்காத துண்டைத்தான் தேடுகிறார்கள். ஃபோர்ஸ்மார்க் அப்படி ஒரு துண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள். ஃபோர்ஸ்மார்க்கும் ஒல்கிலுவோட்டோவும் கடலோரத் தட்டை நிலம், ஏறக்குறைய 190 கோடி ஆண்டுப் பாறை. நம்முடையது சுமார் 20 கோடி ஆண்டு, செங்குத்து மலை, கொட்டும் மழை. உயரமான இடத்தில் சேரும் நீர் தாழ்வான இடத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். என் கருத்தில் இங்கே பாறையின் மாற்றத்தை விட நிலத்தின் சரிவுதான் பெரிய தடை. அவர்களுக்கோ வேறு கவலை: அடுத்த பனியுகம், உருகும் பனியிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் ஆக்சிஜன் நீர். நமக்கு அது இல்லை.

9. முடிவு எழுதும் முறை

பாறைக்கு ஒரே மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு விரிசல் கூட்டத்துக்கும் தனித்தனியாக, நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். ஒரே மாற்றம் ஒரு கேள்விக்கு நல்லதும் இன்னொன்றுக்குக் கெட்டதுமாக இருப்பது இயல்பு. கூட்டிப் பெருக்கினால் அந்தச் செய்தி தொலைந்துவிடும்.

மேற்பரப்பு ஆய்வால் ஓர் இடத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். ஏற்றது என்று சொல்ல முடியாது. அதற்குத் துளையிட வேண்டும், ஆழத்து நீரின் வேதியியலை அளக்க வேண்டும். ஆகவே "தவிர்க்க வேண்டும்", "துளையிட்டுப் பார்க்கத் தகும்" என்ற இரண்டு முடிவுகள் மட்டும் உங்கள் கையில் உள்ளன. "பாதுகாப்பானது" என்று எழுதிய இடுபணியை விரிவுரையாளர் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள்.

மாதிரிக் கல்லில் எண், தேதி, மேல்பக்கம் காட்டும் அம்பு மூன்றையும் கல்லின் மேலேயே எழுதுங்கள், பையில் மட்டும் எழுதினால் போதாது. பையில் ஈரம் சேர்ந்து மை அழிந்தால் மேல்பக்கம் எது என்று தெரியாமல் போகும், நிரப்பின் அடுக்கு வரிசையை மறுபடி சரிபார்க்கவும் முடியாது. படங்களில் அளவுகோல் தெரியட்டும், கடைசியாக மழை பெய்தது எந்த நாள் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.